பேனாவை மூடி வச்சிட்டு வெளிய வா

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் அசரும் நேரத்தில் போன் அடித்தது. பெரியம்மா மகளின் மகன், எனக்கு மருமகன் முறை. திருநெல்வேலி பக்கத்துக் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை. குரல் பாத்ரூமுக்குள் இருந்து பேசுவதுபோல எதிரொலித்தது. பாத்ரூமேதான் என்று பிறகு தெரிந்தது.

"மாமா, ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டுதாவ. நானே வேலைய விட்டுப் போறேன்னு டைப் அடிச்சு வச்சிருக்காவ. கையெழுத்துப் போட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் சுத்தமா தருவாவளாம். போடாட்டா டெர்மினேட்னு எழுதி அனுப்பிருவோம், பெறகு எங்கயும் வேலை கெடைக்காதுங்காவ. அஞ்சு நிமிஷம் டைம் கேட்டுட்டு வந்திருக்கேன்."

"போட்டுட்டியாலே?"

"இன்னும் இல்ல."

"அப்போ பேனாவை மூடி மேசையில வச்சிட்டு, 'வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன்'னு மட்டும் சொல்லிட்டு வெளிய வா. சண்டை போடாத. அழாத. அந்தப் பேப்பருக்கு ஒரு காப்பி கேளு. தர மாட்டாவ. கேட்டதா இருக்கட்டும்."

இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு எப்படி வாய்த்தது என்றால், அந்த மேசைக்கு அந்தப் பக்கம், ஹெச்.ஆர். என்கிற மனிதவளத் துறை ஆளாக, 14 வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ஐந்து நிமிஷக் கெடு, சுத்தமான சர்ட்டிபிகேட், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் தம்பி" என்கிற குரல் எல்லாம் நானே பேசிய வசனங்கள். அந்த வசனத்துக்கு மயங்கிக் கையெழுத்துப் போட்டவர்களின் முகங்கள் சில இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவர்களில் ஒருவரை எப்போதாவது பார்க்க நேர்ந்தால் நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

எங்கள் அப்பா ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். சங்கு ஊதினதும் ஆள் உள்ளே வந்த நேரத்தை மஸ்டர் ரோலில் ஏற்றுவது அவர் வேலை. வீட்டில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த ஆர்டர், இன்கிரிமென்ட் கடிதம், வருஷா வருஷம் வந்த பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, ஒரு தடவை வாங்கிய மெமோ, அதற்கு அவர் எழுதிய பதிலின் கார்பன் பிரதி, எல்லாம் அதற்குள் அந்துருண்டை வாசத்தோடு கிடக்கும். "வாயால சொன்னது ஆத்தோட போயிரும்லே, தாள்ல இருக்கது பெட்டியில கெடக்கும்" என்பார். அவர் ரிட்டயர் ஆன போது சர்வீஸில் இரண்டு வருஷம் கணக்கில் விட்டுப்போயிருந்தது. பெட்டியைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு போனார், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அப்பாவின் பெட்டியைப் பார்த்து வளர்ந்துவிட்டு, பெட்டி இல்லாதவர்களிடம் கையெழுத்து வாங்கும் வேலைக்குப் போனேன்.

ஹெச்.ஆர். என்கிற நாற்காலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதனிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதும் கொஞ்சம் விளங்கும். மலைத்தோட்டத்தில் கங்காணி, ஆலையில் மேஸ்திரி. ஆள் சேர்ப்பதும் அவர்தான், கமிஷன் பிடிப்பதும் அவர்தான், பிடிக்காவிட்டால் நிறுத்துவதும் அவர்தான். 1929-ல் வெள்ளைக்கார அரசு ஒரு ராயல் கமிஷன் போட்டது. 1931-ல் வந்த அதன் அறிக்கை, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து பிடுங்கித் தனியாக ஒரு லேபர் ஆபீசரிடம் கொடுக்க வேண்டும் என்றது. பிறகு 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலையில் வெல்ஃபேர் ஆபீசர் இருந்தே ஆக வேண்டும் என்று 49-வது பிரிவில் எழுதிவைத்தது. வெல்ஃபேர் ஆபீசர் பர்சனல் ஆபீசர் ஆனார், பர்சனல் ஆபீசர் ஹெச்.ஆர். ஆனார். ஒவ்வொரு தடவை பேர் மாறும்போதும் நாற்காலி தொழிலாளி பக்கத்திலிருந்து மேனேஜர் அறைப் பக்கம் இரண்டடி நகர்ந்தது.

இந்த நாற்காலி எதுவும் இல்லாத காலத்தில், 1908 பிப்ரவரி கடைசியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டார்கள். அவர்களுக்காகப் பேச வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வந்தார்கள். மில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவை யாரும் நமக்குச் சும்மா தந்துவிடவில்லை என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, இன்றைய ஹெச்.ஆருக்கு வருவோம். அவருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. அதனால் அவர் கெட்டவர் என்று ஆகாது. வக்கீலுக்குக் கட்சிக்காரன் இருப்பது போல அவருக்கும் ஒரு கட்சிக்காரன் உண்டு, அது நீங்கள் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் என் மண்டைக்குள் ஓடியது என்ன என்று சொல்லட்டுமா? இது வெளியே போகுமா? லேபர் ஆபீசுக்குப் போனால் கம்பெனி ஜெயிக்குமா? இவரிடம் தாள் ஏதாவது இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால் முதல் இரண்டைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

பேக்கிங் செக்‌ஷனில் ஒரு பெண் இருந்தார். "சார், உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுதேன், வேற யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் ராத்திரியில் அனுப்பும் மெசேஜ்களைப் பற்றிச் சொன்னார். நான் தலையாட்டினேன். டீ குடிக்கும்போது மேனேஜரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டு நாளைக்கு விவகாரம் ஆனால் என் தலை உருளும் என்ற பயம். சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு ஷிஃப்ட் மாறியது, தோதான பஸ் இல்லாத ஷிஃப்ட். இரண்டு மாசத்தில் நின்றுவிட்டார். ஃபைலில் 'சொந்தக் காரணம்' என்று நானே எழுதினேன்.

அந்தப் புகார் என்னிடம் வந்திருக்கவே கூடாது, அல்லது வந்ததும் நான் கமிட்டிக்கு அனுப்பியிருக்க வேண்டும். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ன் சட்டப்படி, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். சமரசம் என்ற பேச்சைப் புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டுமே எடுக்கலாம், அதிலும் பணத்தைக் கொடுத்து முடிப்பது கூடாது. 10 பேருக்குக் குறைவான கடை, ஆபீஸ் என்றால், அல்லது புகாரே முதலாளி மேல் என்றால், மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். எழுதிக் கொடுத்திருந்தால் என் கையும் கட்டுப்பட்டிருக்கும் என்று இப்போது சொல்வது அவர் மேல் பழி போடுவது மாதிரி இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

அதனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் முதலில் சொல்வது இதுதான்: ஹெச்.ஆரிடம் 'நமக்குள்ள இருக்கட்டும்' என்று எதையும் சொல்லாதீர்கள். பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். பேசிவிட்டு வந்து அன்றைக்கே ஒரு மெயில் தட்டுங்கள். 'இன்று காலை 11 மணிக்குத் தங்களைச் சந்தித்து இன்ன விஷயம் சொன்னேன், ஒரு வாரத்தில் பார்ப்பதாகச் சொன்னீர்கள், நன்றி.' நாலு வரி போதும். கோபம் வேண்டாம், சட்டப்பிரிவு நம்பர் வேண்டாம், 'நீதி' என்ற சொல்லே வேண்டாம். தேதியும் நேரமும் இருந்தால் போதும். இப்படி ஒரு மெயில் வந்தால் ஹெச்.ஆர். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். நான் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளச் சீட்டு, ஆர்டர், இன்கிரிமென்ட் கடிதம் எல்லாம் கம்பெனி மெயிலில் மட்டும் கிடந்தால், வேலை போகிற அன்றைக்கு அந்த மெயிலும் பூட்டிக்கொள்ளும். உங்களுக்கென்று கொடுத்த தாள்களை உங்கள் போனிலும் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ரகசியம், வாடிக்கையாளர் விவரம், கூட வேலை பார்ப்பவர் சம்பளம் இதையெல்லாம் எடுத்தால் அதையே காரணமாக்கி அனுப்பிவிடுவார்கள், ஜாக்கிரதை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கு மறக்கும்? திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் ஆறாகக் கிடந்தது. கரண்டு இல்லை, டவர் இல்லை. நான் அப்போது வேலையில் இருந்தேன். வராதவர்களுக்கெல்லாம் சம்பளம் பிடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்துவிட்டது. மேலிடம் வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருந்தது, அங்கே வெயில் அடித்திருக்கும். எங்கள் டிபார்ட்மென்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, சிக்னல் கிடைத்த அன்றைக்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று படம் எடுத்து மெயில் போட்டிருந்த ஏழெட்டுப் பேரின் கடிதங்களைத் தொகுத்து, 'இவர்களுக்கு வீடே இல்லை, வேலைக்கு எப்படி வருவார்கள்' என்று மேலே எழுதினாள். சிறப்பு லீவு கிடைத்தது, எல்லோருக்கும் அல்ல. சூப்பர்வைசருக்கு போன் பண்ணிச் சொன்னவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவர் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல ஹெச்.ஆர். கையில் எடுத்துக்கொண்டு மேலே ஓடுவதற்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது.

ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன். ஏன் கம்பெனி உங்களை அனுப்பாமல், நீங்களாகப் போவதாக எழுதிக் கேட்கிறது? அனுப்புவதற்கு வேலை அதிகம். கடை, வணிக நிறுவனம் என்றால் 1947-ன் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு இருக்கிறது: தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நிறுத்தக் கூடாது. குற்றம் சாட்டி அனுப்புவதென்றால் விசாரணை வேண்டும். ஆலை என்றால் சார்ஜ் ஷீட், உள் விசாரணை, பதில் சொல்ல அவகாசம் எல்லாம் உண்டு. சஸ்பெண்ட் செய்து வைத்தால் சும்மா வைக்க முடியாது: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம் என்று 1981-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. இவ்வளவு சிரமத்தையும் உங்கள் ஒரு கையெழுத்து இல்லாமல் ஆக்கிவிடும். 'நானே போகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது மலையைப் புரட்டும் வேலை. மிரட்டிய அறையில் நீங்களும் நானும்தான் இருந்திருப்போம், நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போட்டே தீர வேண்டிய நெருக்கடி என்றால், அன்று ராத்திரியே மெயிலில் 'இன்ன நேரத்தில் இன்னார் முன்னிலையில் கட்டாயத்தின் பேரில் போட்டேன், திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நம்ம பையன்கள் விசிட்டிங் கார்டில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டதும் பூரித்துப்போகிறார்கள். ஒரு காரணத்தோடுதான் அந்தப் பேரை நாங்கள் போடுவோம். 'ஆபீசர்', 'எக்ஸிகியூட்டிவ்' என்றால் தொழிலாளி இல்லை, லேபர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று அவனே நினைத்துக்கொள்வான். கோர்ட் பார்ப்பது கார்டை அல்ல, நாள் முழுக்க அவன் கை என்ன வேலை செய்கிறது என்பதை. மேற்பார்வை வேலையே என்றாலும், புதிய சட்டத்தில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் தொழிலாளி கணக்கில் வராமல் போகிறார்.

புதிய சட்டம் என்றேன். 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு 29 பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிலாளிக்கு இதில் குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும் என்பது கூடியது. நாங்கள் 'ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்' என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்பதும் கூடியதே. ஒப்பந்த காலம் குறித்துச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. வேலை போனதை எதிர்த்து லேபர் கோர்ட்டுக்குப் போகப் பழைய சட்டம் 3 வருஷம் தந்தது, இப்போது 2 வருஷம்தான். இது குறைந்தது.

மற்றவர்களுக்குக் கிராஜுவிட்டி ஐந்து வருஷம் முடித்தால். கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய், 6 வருஷம் என்றால் 45,000. மருமகனுக்கு இது தெரியாது. ஆர்டரில் இருந்த சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு அவனால் ஆகும் மொத்தச் செலவுத் தொகையை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தான். அந்தத் தொகைக்குள் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அடக்கம். சி.டி.சி.யைப் பெண் பார்க்கப் போகிற வீட்டில் சொல்லலாம், மளிகைக் கடையில் செல்லாது.

பி.எஃப். என்றதும் எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. இசக்கி என்ற பேரை இங்கிலீஷில் 'ஐ' எழுத்தில் தொடங்குபவரும் உண்டு, 'ஈ' எழுத்தில் தொடங்குபவரும் உண்டு. நடுவில் 'எஸ்' ஒன்றா இரண்டா என்பது பள்ளிக்கூடத்தில் பேர் எழுதிய வாத்தியார் மனநிலையைப் பொறுத்தது. ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, பி.எஃப்.பில் ஒன்று. முன்னால் இருக்கிற இனிஷியல் பின்னால் போய், விரிந்து அப்பா பேராகிக் கிடக்கும். அப்பா பேர் சுடலைமுத்து என்றால் அதற்கும் நாலு எழுத்துமுறை. வேலையில் இருக்கும்போது இதை ஹெச்.ஆர். ஒரு ரிக்வெஸ்டில் திருத்தித் தருவார். வேலையை விட்ட பிறகு அதே ஆளுக்கு உங்கள் போனை எடுக்க நேரம் இருக்காது. சேர்ந்த முதல் மாசமே யூ.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணை எடுத்துப் பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த 12 சதவீதம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தேதியைக் கம்பெனி ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாசம் கழித்து அதை நீங்களே இணையத்தில் ஏற்றிக்கொள்ளலாம். சம்பளம் 21,000-க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டுக் கார்டு இருக்க வேண்டும், பிடித்தம் 0.75 சதவீதம்தான். பிடித்தம் இருந்து கார்டு இல்லை என்றால் அன்றைக்கே கேளுங்கள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்காதீர்கள்.

கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். வாசலில் ஒரு பேர், சம்பளம் வருவது வேறொரு பேரில். பெரிய கம்பெனி ஹெச்.ஆர். "நீ எங்க ரோல்ல இல்லப்பா" என்பார், கான்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு பெரிய கம்பெனிக்கு உண்டு என்று 1970-லிருந்தே சட்டம் இருக்கிறது. அந்த வார்த்தையை வைத்து ஒரு கடிதம் பெரிய கம்பெனி முகவரிக்குப் போனாலே கான்ட்ராக்டரின் போன் திடீரென்று வேலை செய்யும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பின்வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆலைத் தொழிலாளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம்.

மருமகன் கதை. அன்று ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெயில் எழுதினோம். 'இன்று 2.10 மணிக்கு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடச் சொன்னீர்கள், எனக்கு வேலையை விடும் எண்ணம் இல்லை, நாளை வழக்கம்போல் ஷிஃப்டுக்கு வருவேன்.' அனுப்புவதற்கு முன் கை நடுங்கியது அவனுக்கு. "மாமா, மரியாதை குறையுதோ?" என்று இரண்டு 'சார்' சேர்த்தான். மறுநாள் கேட்டில் கார்டு வேலை செய்தது. மூன்றாம் நாள் ஒரு மெமோ வந்தது, என்றைக்கோ நடந்த ஒரு தரக்குறைவுக்கு. அதற்கும் பதில் எழுதினோம். இரண்டு வாரம் இழுத்தது. அதற்குள் அவனுக்கே அந்த இடம் சலித்துவிட்டது. கேன்டீனில் பக்கத்தில் உட்காரவே பயந்தார்களாம் மற்றவர்கள். கடைசியில் இரண்டு மாசச் சம்பளம், கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர் மூன்றும் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போட்டான். நான் அவனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன் என்று தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை. 14 வருஷம் எங்கே நின்றேன் என்று எனக்குத் தெரியுமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். எல்லாத் தாளையும் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு செட் வைத்திருந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"இது எதுக்குலே எனக்கு?"

"தாத்தா பெட்டி உங்ககிட்டதான இருக்கு. அதுல கெடக்கட்டும் மாமா."